எழுபத்தோரு சென்டிமீட்டர்

ஷாரோனை நான் முதன்முதலில் சந்தித்தபோது அவள் என்னை இடித்துக் கீழே தள்ளினாள். இடம் காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளியின் கூடைப்பந்து மைதானம், வருஷம் 2017. சக்கர நாற்காலியில் இருக்கும் பெண்களுக்கு ஒருநாள் பயிற்சி முகாம் என்று வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியிருந்தார்கள். மதியம் பிரியாணி உண்டு என்று கடைசி வரியில் போட்டிருந்தது. எனக்கு அந்த வரியால் லாபமில்லை. நான் பெருமாள் கோயில் மடப்பள்ளிக்காரர் பெண், புளியோதரையில் வளர்ந்த உடம்பு. ஷாரோன் வந்ததே அந்தக் கடைசி வரிக்காகத்தான். இதை அவளே பத்துப் பேர் முன்னால் ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போவார்களே, அந்த மாதிரி ஒரு பழைய நாற்காலி அவளுடையது. பிரேக் கிடையாது. பந்தைத் துரத்திக்கொண்டு வந்தவள் என் பக்கவாட்டில் மோத, இரண்டு பேரும் நாற்காலியோடு தரையில் கிடந்தோம். வேறு யாராக இருந்தாலும் ஒரு மன்னிப்பாவது கேட்டிருப்பார்கள். இவள் படுத்தபடியே தலையைத் திருப்பி, “அக்கா, பந்து எந்தாண்ட போச்சி?” என்று கேட்டாள்.

நான் உத்திரமேரூரில் கணக்கு டீச்சர், பெயர் மாதவி. மூன்று வயதில் போலியோ வந்தது. முப்பது வயதில் ஊன்றுகோலை விட்டு நாற்காலிக்கு மாறினேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், போவதற்குத்தான் நாளாகும். அன்று வந்த கோபம் மட்டும் ஏனோ சாப்பாட்டு நேரத்துக்குள் போய்விட்டது. அவள் தன் பிரியாணியை முடித்துவிட்டு, எனக்காக எடுத்துவைத்திருந்த பொட்டலத்தையும் முடித்தாள்.

காவாந்தண்டலத்துப் பெண் அவள். அப்பா ஜான்சன் வாலாஜாபாத்தில் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர், வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். அம்மா அம்முலுவுக்கு நடவு, களையெடுப்பு, அது இல்லாத நாளில் நூறுநாள் வேலை. பதினாறு வயதில் ஷாரோன் வைக்கோல் ஏற்றிய டிராக்டரின் உச்சியில் உட்கார்ந்து வந்தாள். அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் வருவார்கள். ஏரிக்கரை வளைவில் பாரம் சரிந்தது. மற்றவர்கள் வைக்கோல்மேல் விழுந்தார்கள், இவள் மதகின் கல்மேல் விழுந்தாள். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவும் போயிற்று, உணர்வும் போயிற்று.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் வீட்டில் டிவி பார்த்தாள். உச்சுக் கொட்ட வருகிறவர்களிடம், “வந்தது வந்துட்டீங்க, அந்த ஃபேன கொஞ்சம் இந்தாண்ட திருப்பி வுட்டுட்டுப் போங்க” என்பாளாம். அழுததே இல்லையா என்று ஒருமுறை கேட்டேன். “கரண்ட்டு போனா அழுவேன்கா” என்றாள். இவளோடு எப்படி உருக்கமாகப் பேசுவது?

கூடைப்பந்தில் ஒரு விஷயம் உண்டு. உடம்பு எவ்வளவு வேலை செய்கிறதோ அதற்கேற்ப ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பு கொடுப்பார்கள். களத்தில் நிற்கும் ஐந்து பேரின் மதிப்பையும் கூட்டினால் ஒரு வரம்பைத் தாண்டக்கூடாது. எனக்கு மூன்று கொடுத்தார்கள், அவளுக்கு ஒன்று. பரீட்சையில் ஒரு மார்க் வாங்கியதைப்போல முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். “அடி மக்கு, உன்னை மாதிரி ஒன்று இருந்தால்தான் என்னை மாதிரி மூன்றும் நாலும் உள்ளே வர முடியும். நீ இல்லாவிட்டால் டீமே இல்லை” என்று நான்தான் கூட்டிக் காட்டினேன். அதன் பிறகு அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. எதிரணியில் எவ்வளவு பெரிய ஆட்டக்காரி வந்தாலும் குறுக்கே நாற்காலியை நிறுத்தி மறித்துவிடுவாள். இரண்டு முறை மாநிலப் போட்டிக்குப் போனோம். இரண்டு முறையும் தோற்றோம். இரண்டு முறையும் அவள்தான் அதிகத் தடவை கவிழ்ந்தாள்.

பிறகு ரேஸ் என்று ஒரு பித்துப் பிடித்தது. கையில் சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றிக்கொண்டு விடியற்காலையில் ஊர் ரோட்டில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போவாள். அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கம் ரோட்டில் பாதி நெல் காய்வதற்கு என்பது எழுதப்படாத சட்டம். இவள் சக்கரம் நெல்லின் மேலேயே போனது. முதல் நாள் ஒருத்தர், “ஏம்மே, கண்ணு தெரியலியா?” என்று கத்தினார். மறுநாள் அவரே, “வரும்போது அந்த ஓரமா வா பாப்பா, அந்தப் பக்கம் இன்னும் கிளறல” என்றார். போக ஒரு தடவை, வர ஒரு தடவை என்று அந்த வருஷம் ஊர் நெல்லைக் கிளறிக் காயவைத்தவள் ஷாரோன்தான். சென்னையில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் கடைசிக்கு முந்தி வந்தாள். உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து போயிருந்தது.

நடுவில் மூன்று மாதம் டேபிள் டென்னிஸ். பந்து மூலையில் ஓடி ஒளிந்துகொண்டால் எடுத்துத்தர ஆள் வேண்டியிருக்கிறதே என்று அதை விட்டாள்.

கடைசியில் குண்டு எறிதலில் வந்து நின்றாள். அப்பா மூட்டை தூக்கிய தோள் அப்படியே மகளுக்கு வந்திருந்தது. மளிகைக் கடைத் தராசில் சரியாக மூன்று கிலோ நிற்கிற ஒரு கல்லைத் தேடிப்பிடித்து, துணியில் சுற்றி, கொல்லையில் எறிந்து பழகினாள். அம்முலு அதை எடுத்துவந்து எடுத்துவந்து கொடுப்பாள். நான் என் நாலு சக்கர ஸ்கூட்டரில் போய் டேப் பிடிப்பேன். காலனிக்குப் போய்விட்டுப் போய்விட்டு வருகிறேனே என்று எங்கள் தெருவில் சிலர் முகம் சுளித்தார்கள். சுளித்த முகத்துக்கு என்னிடம் மருந்து இல்லை, அவர்கள் பாடு.

உட்கார்ந்து குண்டு எறிகிறவர்களுக்கு ஒரு தனி நாற்காலி வேண்டும். சக்கரம் இல்லாத, உயரமான இரும்பு நாற்காலி. தரையில் பெல்ட் போட்டு அதை இறுக்குவார்கள், அதன்மேல் ஆளையும் இறுக்குவார்கள். எறியும்போது உட்கார்ந்த இடத்தை விட்டு உடம்பு துளி எழும்பினாலும் அந்த எறிதல் செல்லாது. ஷாரோனிடம் அது இல்லாததால் போன இடத்தில் எல்லாம் இரவல் நாற்காலி. ஆளுக்கு ஆள் உடம்பு வேறு அல்லவா? இரவல் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடியதைப்போல ஒவ்வொரு முறையும் வழுக்கினாள். மூன்று மாநிலப் போட்டிகளிலும் நான்காவது இடம்.

அந்த இரவல் நாற்காலிகளில் ஒன்று 2021இல் அவளுக்குப் புண்ணை உண்டாக்கியது. உணர்வு இல்லாத இடம், வலி தெரியாது. பார்க்கும்போது உள்ளங்கை அகலம் ஆகியிருந்தது. நாலு மாதம் குப்புறப் படுத்தே கிடந்தாள். காலையும் மாலையும் மருந்து வைத்துக் கட்டியவள் அம்முலு. அந்த நாலு மாதத்தைப் பற்றி அம்மாவும் பேசமாட்டாள், மகளும் பேசமாட்டாள்.

2024 பொங்கல் கழிந்து அம்முலு முடிவாகச் சொன்னாள். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

“தோ பாரு ஷாரோனு. இந்த ஒரு தபாதான். மொதோ ரெண்டு பேர்ல வந்து நேஷனலுக்குப் போனியா, போ. ஆவலன்னா ஒரு தையல் மிஷின வாங்கி வாசலாண்ட போட்டுக்கினு குந்து. பஸ்ல ஏத்த, எறக்க, சேர்ல தூக்கி வெக்க... என் இடுப்பு போச்சி கண்ணு. இனிமே என்னால ஆவாது.”

நான் வாயைத் திறக்கப் பார்த்தேன். அம்முலு என்னையும் அடக்கினாள். “டீச்சர், நீங்க ஒரு நாளு தூக்கிப் பாத்துட்டுப் பேசுங்க.”

ஷாரோன், “சரிம்மா” என்றாள். எதற்கும் பதிலுக்குப் பதில் பேசுகிறவள் அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டாள். அம்முலு சொன்னதில் தப்பும் இல்லை. பத்து வருஷமாக ஒரு வளர்ந்த பெண்ணைத் தூக்கி இறக்குகிற தாய் வேறு என்னதான் சொல்வாள்?

கடைசித் தடவை என்றால் சொந்த நாற்காலியில் எறியட்டும் என்று நான் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் இருசப்பனிடம் போனேன். கேட், கிரில், கட்டில் எல்லாம் செய்கிறவர். எங்கள் பள்ளி கேட்டும் அவர் வேலைதான். தினமும் காலையில் தரையைத் தேய்த்துக்கொண்டு ஊருக்கே கேட்கும்படி அலறும். அளவில் கொஞ்சம் முன்னே பின்னே இருப்பார், ஆனால் பற்றவைப்பு உடையாது. விதிப்படி இருக்கையும் மேலே போடும் குஷனும் சேர்ந்து எழுபத்தைந்து சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. ஷாரோனின் குஷன் ஐந்து. ஆகவே ‘இருக்கை உயரம் 70’ என்று தாளில் எழுதி, அடியில் கோடு போட்டுக் கொடுத்தேன். இருசப்பன் வாங்கிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

பத்தாம் நாள் நாற்காலியைக் கொண்டுவந்து கொல்லையில் இறக்கினார். வான நீலப் பெயின்ட். ஷாரோனின் முதுகுக்கு ஏற்ற சாய்மானம், இடது கைக்குப் பிடித்து இழுக்க ஒரு கம்பி. சந்தனம், குங்குமம் வைத்தே கொண்டுவந்திருந்தார். அம்முலு அதன்மேலேயே கைவைத்து ஜெபம் பண்ணினாள். கூடவே மிச்சப் பைப்பில் ஒரு சின்ன ஸ்டூலும் செய்திருந்தார்.

“பாப்பா மொதல்ல இதுல குந்திட்டு, கம்பியப் புடிச்சிக்கினு மேல ஏறிக்கலாம்.”

“நான் கீற வரிக்கும் ஸ்டூலு எதுக்குண்ணே?” என்று அம்முலு அதைக் காலால் ஓரமாகத் தள்ளி, வழக்கம்போல மகளைத் தூக்கி உட்காரவைத்தாள். அன்றைக்கு எறிந்த முதல் கல் கீரைப் பாத்தியைத் தாண்டி விழுந்தது.

பிள்ளைகளிடம் விடையைச் சரிபார், விடையைச் சரிபார் என்று பதினேழு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான். அந்த நாற்காலியின்மேல் ஒரு டேப்பை வைத்து அளந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

பிப்ரவரியில் போட்டி. ஒரு வேன் பிடித்து நாங்கள் மூன்று பெண்களும் போனோம். நாற்காலியைப் பூட்ட ஆள் வேண்டும் என்று இருசப்பனும் வெள்ளை வேட்டியில் வந்தார். சென்னை மைதானத்தில் நாற்காலிகளை வரிசையாக வைத்து, குஷன் போட்டு, ஒரு அதிகாரி அம்மா அளவுகோலை நிறுத்திப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்களுடையதில் நிறுத்தினார். குனிந்து பார்த்தார். திரும்பவும் நிறுத்தினார்.

“எழுபத்தாறு வருதும்மா. ஒரு சென்டிமீட்டர் ஜாஸ்தி.”

நான் நம்பவில்லை. குஷனை எடுத்துவிட்டு என் கண் எதிரிலேயே அளந்தார். இருக்கை மட்டும் எழுபத்தொன்று.

“குஷன் இல்லாமப் போடலாம். இல்லன்னா அந்த மூலையில பொது நாற்காலி இருக்கு, அதுல போடலாம். இருபது நிமிஷத்துல கூப்பிடுவாங்க” என்றார். அவரிடம் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. விதி விதிதான்.

என் கோபத்துக்கு ஆள் பக்கத்திலேயே இருந்தார். “எழுபது என்று எழுதி, கோடு போட்டு, கையில் கொடுத்தேனே இருசப்பன்!” என்று நான் கத்திய கத்தலில் பக்கத்தில் இருந்த ஈட்டி எறிகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் முகம் பேயறைந்தது போலாயிற்று. “டீச்சர்... குயந்த மொத மொத சொந்தச் சேர்ல குந்தப் போவுது. சைபர்ல முடிச்சா நல்லாவா கீது? மொய் வெச்சாக்கூட நூத்தியொண்ணுதான வெக்கிறோம்? அதான் ஒண்ணு சேத்து வெச்சேன். நான் எல்லாத்துக்குமே ஒண்ணு சேத்துதான் வெப்பேன்.”

எங்கள் பள்ளி கேட் ஏன் தரையைத் தேய்க்கிறது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த மனுஷனை என்ன செய்வது? அவர் வாழ்த்தைத்தான் இரும்பில் பற்றவைத்துக் கொண்டுவந்திருக்கிறார்.

“குஷன் வோணாம், நான் சும்மா குந்திக்கிறேன்” என்றாள் ஷாரோன்.

“குந்துவ! இரும்புல குந்துவ! நாலு மாசம் அந்தப் புண்ணுல மருந்து வெச்சவ நானு” என்று அம்முலு குறுக்கே வந்து நின்றாள். “வோணாம்டி. வூட்டுக்குப் போயிடலாம்.”

“பொதுச் சேர்ல குந்தினா வழுக்கும்மா. இதான் கடைசின்னு நீதான சொன்ன?”

இருசப்பன் நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். நாலு காலிலும் ஒரு சென்டிமீட்டர் அறுக்க மெஷின் ஊரில் இருக்கிறது.

எனக்குத் தெரிந்தது கணக்கு ஒன்றுதான். எழுபத்தைந்தில் எழுபத்தொன்று போனால் நாலு. நாலு சென்டிமீட்டர் குஷன் ஒன்று கிடைத்தால் போதும். சுற்றிப் பார்த்தேன். இருந்தவர்களின் குஷன் எல்லாம் ஐந்து, ஏழு, பத்து. யாராவது மெல்லிசாக வைத்திருக்கிறார்களா என்று நான் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கும்போது ஷாரோன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, எந்திரி.”

“நான் எங்கேடி எழுந்திருக்கிறது?”

“சரி, உன்னத் தூக்கறோம். உன் குஷன குடு.”

ஏழு வருஷக் குஷன் அது. வாங்கும்போது ஐந்து இருந்தது. என் எடையை இங்கே எழுதப்போவதில்லை. தினமும் எட்டு மணி நேரம் அதைத் தாங்கி அது அப்பளமாகிப் போயிருந்தது. மாற்று மாற்று என்று ஷாரோனே எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறாள். அம்முலுவும் இருசப்பனும் இரண்டு பக்கமும் பிடித்து என்னை ஒரு சாண் தூக்க, ஷாரோன் குனிந்து உருவினாள். அதிகாரி அம்மா அளந்தார். எழுபத்து நாலரை. “ம், போடலாம்” என்றார்.

அதற்குள் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். எனக்கோ போலியோக் காலுக்குப் போட்டிருக்கும் இரும்புக் காலிப்பர் நாற்காலியின் பக்கத் தகட்டில் மாட்டிக்கொண்டு, கீழேயும் உட்கார முடியாமல் மேலேயும் இருக்க முடியாமல் அம்முலுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினேன். என்னை விட்டால் நான் விழுவேன், அவளால் நகர முடியவில்லை. இருசப்பன் மட்டும் நாற்காலியோடும் குஷனோடும் ஸ்டூலோடும் குண்டு எறியும் வட்டத்துக்கு ஓடினார். நாற்காலியைப் பூட்டினார், ஸ்டூலைப் பக்கத்தில் போட்டார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். வயதுவந்த பெண்ணைத் தொட்டுத் தூக்க அவருக்குக் கூச்சம். ஏறி உட்காரக் கொடுத்த நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

“அடியே, இரு, வரேன்!” என்று அம்முலு என் தோளுக்கு மேலாகக் கத்தினாள்.

ஷாரோன் இருக்கவில்லை. சக்கர நாற்காலியின் பிடியில் ஒரு கை, ஸ்டூலில் ஒரு கை. உடம்பைத் தூக்கி ஸ்டூலில் வைத்தாள். கால்களை ஒவ்வொன்றாக எடுத்து இந்தப் பக்கம் போட்டாள். பிறகு நீல நாற்காலியின் கம்பியைப் பிடித்தாள். ஒரு தரம் இழுத்தாள், பாதியில் இறங்கிவிட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி இழுத்தாள். ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை எடுத்து மடியில் போட்டு இறுக்கினாள்.

அம்முலு என்னைப் பிடித்திருந்த பிடி தளர்ந்து நான் தொப்பென்று உட்கார்ந்தேன். காலிப்பர் எப்போது விடுபட்டது என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

ஆறு எறிதலையும் ஒருவர் ஒரே மூச்சில் எறிந்து முடித்த பிறகுதான் அடுத்தவர். ஷாரோனின் முதலாவது 5.02 மீட்டர். இரண்டாவது செல்லவில்லை. மூன்றாவது 5.20, அதுவே அதுவரை அவள் எறியாத தூரம். நாலும் ஐந்தும் அதற்குள் விழுந்தன. ஆறாவதில் அவள் போட்ட சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: 5.47. நான் கைதட்டி உள்ளங்கை சிவந்துபோனது. அதற்குப் பிறகு திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்து 5.51 எறிந்தாள். முதல் இடத்துக்காரி ஏற்கெனவே ஆறைத் தாண்டியிருந்தாள். ஷாரோன் மூன்றாவது. நேஷனலுக்கு இரண்டு பேர்தான்.

நாலு சென்டிமீட்டர். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். ஷாரோன் அழவில்லை. அந்தத் திருவண்ணாமலைப் பெண்ணிடம் போய்க் கைகொடுத்துவிட்டு வந்தாள்.

திரும்பி வரும்போது நாஷ்டாவுக்கு நிறுத்தலாமா என்று டிரைவர் கேட்டார், வேண்டாம் என்று நான் கையை ஆட்டினேன். நீல நாற்காலி பின்னால் கடகடவென்று ஆடிக்கொண்டு வந்தது. இருசப்பன் அதை ஒரு கையால் பிடித்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தையல் மிஷின் எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று என் புத்தி யோசிக்க ஆரம்பித்ததும் அதை நானே திட்டி நிறுத்தினேன்.

வண்டி வாலாஜாபாத்தை நெருங்கும்போது அம்முலு கேட்டாள். “எப்டி ஏறுன?”

“கையாலதான்.”

“எப்பத்துலேந்து?”

“இன்னிக்குத்தான்மா. நீ வுட்டாத்தான?”

அம்முலு முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். பிறகு பின்சீட்டுப் பக்கம் திரும்பினாள்.

“இருசப்பண்ணே, அந்தக் காலுங்கள நாளிக்கே அறுத்துக் குடு. அடுத்த தபா எழுவதுன்னா எழுவதுதான். நான் பக்கத்துலயே குந்திக்கினு அளப்பேன். ஸ்டூல மட்டும் தொடாத.”

“யம்மா, அடுத்த தபான்னா சொன்ன?” என்றாள் ஷாரோன்.

“ஏன், காதும் போயிட்ச்சா உனக்கு?”

ஷாரோன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கரண்ட்டு போகவில்லை, ஆனாலும் தோள் குலுங்குவது தெரிந்தது. பாலாற்றுப் பாலம் தாண்டும்வரை அப்படியே இருந்தாள். தாண்டியதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னைப் பார்த்து, “அக்கா, பிராக்டிஸ் நாளிக்கா, நாளன்னிக்கா?” என்று கேட்டாள். என் குஷன் அவள் அடியில்தான் இருந்தது, அதை நான் திருப்பிக் கேட்கவில்லை.